எப்பிஸ்கொப்பொஸ்: கண்காணிப்பும் அதிகாரமும் பற்றிய ஒரு சொல்லாய்வு

1. தோற்றுவாய்

கிறித்தவத் திருச்சபைகளிலே இன்று ஆயர், பேராயர், அத்தியட்சர், பிஷப் எனப் பலவாறாக வழங்கப்படும் பதவிப் பெயர்களுக்கெல்லாம் பின்னணியாக நிற்பது 'எப்பிஸ்கொப்பொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லாகும். இலத்தீனில் 'எப்பிஸ்கோப்புஸ்' என்றும், போர்த்துக்கேயத்தில் 'பிஸ்போ' என்றும், ஆங்கிலத்தில் 'பிஷப்' என்றும் அச்சொல் உருமாறியது. உருமாறிய வடிவங்கள் யாவும் ஒரு பதவியைச் சுட்டுகின்றன. மூலச்சொல்லோ ஒரு தொழிலைச் சுட்டியது. தொழிலைக் குறித்த சொல் எவ்வாறு பதவியைக் குறிப்பதாயிற்று, அம்மாற்றம் எத்தகைய சமூக நிலைமைகளிலே நிகழ்ந்தது, தமிழிலே அச்சொல்லைப் பெயர்த்தோர் எதிர்கொண்ட பொருட்சிக்கல் யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களிலும் எப்பிஸ்கொப்பொஸ் என்னும் பெயர்ச்சொல் ஐந்து இடங்களில் மாத்திரமே வருகின்றது. பிற்காலத்திலே பேரரசர்களோடு சரிநிகராக அமர்ந்தும், நிலவுடைமைகளை ஆண்டும், நீதி வழங்கியும் வந்த ஒரு நிறுவனத்தின் வேதாகம ஆதாரம் இவ்வைந்து இடங்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது. ஆகவே அவற்றின் பொருள் பற்றிய விவாதம் வெறும் அகராதி விவாதமாக ஒருபோதும் இருந்ததில்லை. சபையிலே அதிகாரம் யாருக்கு உரியது, அது யாரால் வழங்கப்படுவது என்ற வினாவே ஒவ்வொரு காலத்திலும் அவ்விவாதத்தின் அடியில் இருந்து வந்துள்ளது.

2. கிரேக்க உலகிலே

'எப்பி' என்பது மேல் அல்லது மீது என்னும் பொருள் தரும் முன்னொட்டு. 'ஸ்கொப்பொஸ்' என்பது நோக்குபவன், காவல் பார்ப்பவன் எனப் பொருள்படும். இரண்டும் சேர்ந்து 'மேல்நின்று நோக்குபவன்' என்ற பொருளைத் தருகின்றன. யார் நோக்குகின்றார், எதனை நோக்குகின்றார், யாருக்காக நோக்குகின்றார் என்ற மூன்றையும் இச்சொல் தன்னளவிலே கூறுவதில்லை. அவற்றைச் சொல்வது அது வழங்கும் சூழலே. இது நமது ஆய்வுக்கு அடிப்படையானது.

ஹோமரின் காவியங்களிலேயே இப்பொருள் விரிவைக் காணலாம். இலியத் காவியத்திலே ஹெக்தோர் அக்கிலீசுடன் பொருதுமுன் உடன்படிக்கை ஒன்றை முன்வைத்து, தேவர்களை அதன் சாட்சிகளாகவும் எப்பிஸ்கொப்பொஸ்களாகவும் அழைக்கின்றான். அதே காவியத்தின் இறுதியிலே, மாண்ட ஹெக்தோரை எண்ணிப் புலம்பும் அவன் மனைவி, நகரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் காத்துநின்ற எப்பிஸ்கொப்பொஸ் அவன் என்கின்றாள். ஒதிசி காவியத்திலோ ஒதிசியசை இகழ முற்படும் ஓர் இளைஞன், அவனைப் பார்த்தால் விளையாட்டு வீரனாகத் தோன்றவில்லை என்றும், சரக்கின்மீது கண்வைத்து இலாபத்தை எண்ணும் வணிகக் கப்பற்காரனாகவே தோன்றுகிறது என்றும் கூறுகின்றான். அவ்விடத்தில் சரக்கைக் கவனிப்பவனைக் குறிக்க வருவதும் இதே சொல்தான். வாக்குறுதிக்குச் சாட்சி, மக்களுக்குக் காவல், பண்டத்துக்குக் கணக்கு என்னும் மூன்று பொருள்களும் தொடக்கத்திலேயே அருகருகே கிடந்தன என்பது இதனால் புலனாகும்.

இச்சொல் அரசியற் பதவியொன்றின் பெயராக நமக்குத் தெளிவாகப் புலப்படுவது கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நகரிலேயாகும். பாரசீகருக்கு எதிரான கூட்டணியாகத் தொடங்கிய தேலியக் கூட்டு, படிப்படியாக ஏதென்சின் பேரரசாக மாறியபோது, கூட்டாளி நகரங்களைக் கவனிப்பதற்கெனத் தலைநகரிலிருந்து அதிகாரிகள் அனுப்பப்பட்டனர். அவர்களுட் சிலர் எப்பிஸ்கொப்பொஸ்கள் எனப்பட்டனர். கி.மு. 450களைச் சேர்ந்ததெனப் பொதுவாகக் கருதப்படும் எரித்திரே நகர் பற்றிய ஏதெனியக் கட்டளை, அந்நகரின் புதிய மன்றத்தை அமைக்கும் பொறுப்பை எப்பிஸ்கொப்பொஸ்களிடமும் காவற்படைத் தலைவனிடமும் ஒப்படைத்தது. மேற்பார்வையாளனும் படைத்தலைவனும் ஒரே வாக்கியத்திலே அடுத்தடுத்து நிற்பது தற்செயலானதன்று.

இவ்வதிகாரியைச் சாதாரண மக்கள் எவ்வாறு நோக்கினர் என்பதை அரிஸ்தோபனிசின் 'பறவைகள்' என்னும் நாடகம் காட்டுகின்றது. கி.மு. 414இல் மேடையேறிய அந்நாடகத்திலே, வானத்திலே பறவைகள் புதிதாக அமைத்த நகருக்கு அழையாமலே வந்து சேருவோருள் ஒருவன் ஏதென்சின் எப்பிஸ்கொப்பொஸ். வாக்குப்பெட்டிகளைச் சுமந்தவாறு வரும் அவன் அடித்து விரட்டப்படுகின்றான். பேரரசின் கண்ணாகத் திரிந்த அதிகாரி, அப்பேரரசின் தலைநகரிலேயே நகைப்புக்குரியவனாக இருந்தான் என்பது அவதானிக்கத்தக்கது.

3. எபிரேய நூல்களின் கிரேக்க வடிவத்திலே

கிறித்தவத்தின் முதற் தலைமுறையினர் இச்சொல்லைப் பெரும்பாலும் வேறொரு வழியாலும் அறிந்திருந்தனர். எபிரேய வேதநூல்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடக்கம் கிரேக்கத்திற் பெயர்க்கப்பட்டன. எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் அவ்வாக்கத்திலே எப்பிஸ்கொப்பொஸ் என்னும் சொல் பலவகைப்பட்ட மனிதரைக் குறிக்கின்றது. எண்ணாகமத்திலே அது படைத்தலைவரைச் சுட்டுகின்றது. நியாயாதிபதிகள் நூலிலே அபிமெலேக்கு என்னும் கொடுங்கோலனின் கையாளைச் சுட்டுகின்றது. யோசியா மன்னன் காலத்தில் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்த்த தச்சரையும் கல்வேலை செய்வோரையும் மேற்பார்த்தவர்களைச் சுட்டுகின்றது. யோபு நூலிலும், சாலமோனின் ஞானம் எனப்படும் நூலிலும், மனிதரின் உள்ளத்தை நோக்கும் இறைவனையே சுட்டுகின்றது.

இவற்றுக்கு மாறான ஓர் ஆட்சியும் உண்டு. கி.மு. 167 அளவிலே சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கஸ், யூதரின் மரபுவழி வழிபாட்டைத் தடைசெய்து, வேற்றுத் தெய்வங்களுக்குப் பலியிடுமாறு ஊர்தோறும் ஆணையிட்டான். அவ்வாணை நிறைவேறுகின்றதா எனப் பார்ப்பதற்கு அவன் நியமித்தவர்களை மக்கபேயர் முதலாம் நூல் எப்பிஸ்கொப்பொஸ்கள் என்றே அழைக்கின்றது. ஆக, ஒடுக்குமுறையின் வேவுகாரரும், ஆலயத் திருப்பணியின் மேற்பார்வையாளரும், உள்ளத்தை அறியும் இறைவனும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டனர்.

இத்தொடர்பிலே ஏசாயா 60ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனம் தனியாக நோக்கத்தக்கது. எபிரேய மூலத்தில் அங்கு வரும் சொல் 'நோகெஸ்' என்பதன் பன்மை. எகிப்திலே இசிரவேலரைச் செங்கல் வேலையில் வருத்திய ஆளோட்டிகளைக் குறிக்க யாத்திராகமம் கையாளும் சொல் அதுவே. வருங்காலத்தில் சமாதானமே மேற்பார்வையாகவும் நீதியே வேலைவாங்குவோராகவும் அமையும் என்பது மூலத்தின் கருத்து. அடிமை ஓட்டியின் இடத்திலே நீதியை அமர்த்தும் ஆழ்ந்த முரணணி அது. கிரேக்கத்திற் பெயர்த்தோர் அந்த ஆளோட்டியை எப்பிஸ்கொப்பொஸ் ஆக்கினர்; நீதியோடு செயற்படும் எப்பிஸ்கொப்பொஸ்களை இறைவன் தருவான் எனக் கருத்தையும் சற்று மாற்றினர்.

கதை அத்துடன் முடியவில்லை. ஏறத்தாழ கி.பி. 96இல் உரோமைச் சபையிலிருந்து கொரிந்துச் சபைக்கு எழுதப்பட்ட, கிளமெந்தின் முதலாம் திருமுகம் என வழங்கும் கடிதம் இவ்வசனத்தை எடுத்தாளுகின்றது. கொரிந்துச் சபையார் தம் மூப்பர் சிலரைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தனர். அது தவறு என வற்புறுத்துவதே கடிதத்தின் நோக்கம். அங்கு அவ்வசனத்திலிருந்த 'ஆளுநர்' என்ற சொல் மறைந்து, 'பணியாளர்' எனப் பொருள்படும் 'தியாக்கொனொஸ்' என்ற சொல் இடம்பெறுகின்றது. சபையின் எப்பிஸ்கொப்பொஸ்களும் பணியாளரும் முற்காலத்திலேயே தீர்க்கதரிசியால் முன்னறிவிக்கப்பட்டவர்கள் என வாதிடுவதற்கு அவ்வாறு மாறிய வசனம் சான்றாகின்றது. எகிப்தின் ஆளோட்டியிலிருந்து சபையின் மேற்பார்வையாளர் வரை ஒரே வசனம் மேற்கொண்ட இப்பயணம், இச்சொல்லின் வரலாற்றையே சுருக்கிக் காட்டுகின்றது எனலாம்.

4. புதிய ஏற்பாட்டின் ஐந்து இடங்கள்

பவுல் பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய கடிதத்தின் முதல் வசனத்திலே எப்பிஸ்கொப்பொஸ்களையும் பணியாளரையும் வாழ்த்துகின்றார். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இக்கடிதமே ஐந்து இடங்களுள் காலத்தால் முந்தியதெனக் கொள்ளப்படுகின்றது. சொல் அங்கு பன்மையில் நிற்பது கவனிக்கத்தக்கது. ஒரு நகரின் ஒரு சபையிலே பல எப்பிஸ்கொப்பொஸ்கள் இருந்தனர். அன்றியும், சபையார் அனைவரையும் முதலில் விளித்த பின்னரே அவர்கள் குறிப்பிடப்படுகின்றனர்.

திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரத்திலே, பவுல் எபேசு நகர மூப்பரை மிலேத்து துறைமுகத்துக்கு அழைப்பித்து விடைபெறுகின்றார். 17ஆம் வசனத்திலே 'பிரெஸ்பித்தெரொஸ்', அதாவது மூப்பர், எனப்பட்ட அதே மனிதர் 28ஆம் வசனத்திலே எப்பிஸ்கொப்பொஸ்கள் எனப்படுகின்றனர். தீத்துவுக்கு எழுதிய கடிதத்திலும் 5ஆம் வசனத்தில் மூப்பரை நியமிப்பது பற்றித் தொடங்கிய பேச்சு, 7ஆம் வசனத்தில் எப்பிஸ்கொப்பொஸ் பற்றியதாகத் தொடருகின்றது. இரு பெயரும் ஒரே ஆளையே குறித்தன. ஒன்று அவரது மதிப்பையும் வயதையும் சுட்டியது, மற்றையது அவர் செய்த வேலையைச் சுட்டியது.

நான்காவது இடம் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் கடிதம். அங்கும் தீத்துவிலும் இப்பணிக்குரியோரின் தகைமைகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. குடிவெறியன் ஆகாது, கைநீட்டி அடிப்பவன் ஆகாது, பணத்தாசை உடையவன் ஆகாது, விருந்தோம்பல் வேண்டும், தன் வீட்டை ஒழுங்காக நடத்தியிருத்தல் வேண்டும். இப்பட்டியலிலே உயரிய ஆன்மிக அனுபவங்கள் எவையும் கூறப்படவில்லை. தொழிலாளரையும் பணத்தையும் கையாளும் ஒருவனிடம் எத்தகைய குற்றங்கள் எதிர்பார்க்கப்படுமோ அவற்றையே இது விலக்குகின்றது. மேலும் தீத்து கடிதம் அவனை இறைவனின் 'ஒய்க்கொனொமொஸ்' என்கின்றது. அன்றைய பெருவீடுகளிலே எசமானின் உடைமைகளை நிருவகித்த காரியக்காரன் இப்பெயரைப் பெற்றான். அவன் பெரும்பாலும் தானும் ஓர் அடிமையாகவே இருந்தான்.

ஐந்தாவது இடம் பேதுருவின் முதலாம் கடிதம். அங்கு இச்சொல் கிறிஸ்துவையே குறிக்கின்றது. 'மேய்ப்பர்' என்ற சொல்லோடு இணைந்து வருகின்றது. அதே கடிதத்தின் 5ஆம் அதிகாரம் மூப்பருக்கு வழங்கும் அறிவுரையிலே, மந்தையின்மேல் எசமானரைப்போல நடந்துகொள்ளுதலை வெளிப்படையாக விலக்குகின்றது. விலக்கப்படும் அச்செயலைக் குறிக்கும் வினைச்சொல், மாற்கு 10ஆம் அதிகாரத்திலே பிற இனத்து ஆட்சியாளர் தம் மக்களை அடக்கி ஆள்வதைக் கண்டிக்க இயேசு கையாளும் அதே சொல்லாகும்.

பெயர்ச்சொல்லோடு தொடர்புடைய 'எப்பிஸ்கெப்தொமாய்' என்னும் வினைச்சொல்லையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 'சென்று பார்த்தல்' என்பது அதன் பொருள். மத்தேயு 25ஆம் அதிகாரத்திலே நோயாளியைச் சென்று பார்த்தலையும், யாக்கோபின் கடிதத்திலே அநாதைகளையும் விதவைகளையும் அவர்தம் துன்பத்திலே சென்று பார்த்தலையும் குறிப்பது அவ்வினையே. மேல்நின்று பார்த்தலும் அருகே சென்று பார்த்தலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. முதல் நூற்றாண்டுச் சபைகளிலே இரண்டும் இன்னும் பிரிந்துவிடவில்லை.

5. பன்மை ஒருமையானமை

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நிலைமை இடத்துக்கு இடம் வேறுபட்டது. 'திதாக்கே' எனப்படும் பழைய சபை ஒழுங்கு நூல் 1873இல் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சேறியது. அது எப்பிஸ்கொப்பொஸ்களையும் பணியாளரையும் நீங்களே தெரிவுசெய்து கொள்ளுங்கள் எனச் சபையாரைப் பார்த்துக் கூறுகின்றது. அங்கு வரும் வினைச்சொல்லின் அடிப்பொருள் கை உயர்த்தி வாக்களித்தல். கிளமெந்தின் கடிதமும், மூப்பரை நீக்குவதைக் கண்டித்தபோதிலும், அவர்கள் சபை முழுவதன் சம்மதத்தோடு நியமிக்கப்பட்டவர்கள் என்பதை மறுக்கவில்லை. அதனைத் தன் வாதத்துக்கு ஆதாரமாகவே கொள்கின்றது.

ஏறத்தாழ அதே காலத்தவரான அந்தியோக்கியா நகர் இக்னாசியுவின் கடிதங்களிலோ வேறொரு காட்சி தென்படுகின்றது. ஒரு சபைக்கு ஒரு எப்பிஸ்கொப்பொஸ். அவருக்குக் கீழே மூப்பர் குழு. அதற்குக் கீழே பணியாளர். எப்பிஸ்கொப்பொஸ் இறைவனின் இடத்திலிருந்து தலைமை தாங்குகின்றார் என்கின்றார் அவர். இதனை அவர் ஓயாது வற்புறுத்துவதே, அவ்வமைப்பு எங்கும் இன்னும் வேரூன்றவில்லை என்பதைக் காட்டும். அவர் உரோமைச் சபைக்கு எழுதிய கடிதத்தில் அந்நகரின் எப்பிஸ்கொப்பொஸ் எவரையும் சுட்டவில்லை. பிலிப்பியருக்கு எழுதிய பொலிக்கார்ப்பும் அங்குள்ள மூப்பரையும் பணியாளரையும் மட்டுமே குறிப்பிடுகின்றார்.

தொடக்கத்திலே இவ்விரு பெயரும் ஒன்றாகவே இருந்தன என்பது பிற்காலச் சீர்திருத்தவாதிகள் கற்பித்த கருத்தன்று. வேதாகமத்தை இலத்தீனில் ஆக்கித் தந்த ஜெரோம் இதனை வெளிப்படையாகவே எழுதினார். பிளவுகளைத் தவிர்க்கும் பொருட்டு மூப்பருள் ஒருவர் ஏனையோருக்கு மேலாக அமர்த்தப்பட்டார் என்றும், அவ்வேறுபாடு சபை வழக்கத்தால் உண்டானது என்றும் அவர் விளக்கினார்.

6. பணப்பெட்டியும் பதவியும்

மூப்பருள் ஒருவர் மேலெழுந்தது ஏன் என்ற வினாவுக்குப் பொருளாதார அடிப்படையில் விடைகாண முயன்றவர் ஒக்ஸ்போர்ட் அறிஞர் எட்வின் ஹட்ச். 1880ஆம் ஆண்டு விரிவுரைகளிலே, கிரேக்க–உரோம உலகின் சங்கங்களிலும் நகர நிருவாகங்களிலும் நிதியை மேற்பார்த்த அலுவலரோடு எப்பிஸ்கொப்பொஸை ஒப்பிட்டு, சபையின் பொதுநிதியைப் பங்கிடும் பொறுப்பே அப்பதவியின் முதுகெலும்பு என அவர் வாதிட்டார். அவரது நூலை அடொல்வ் ஹார்னாக் ஜேர்மன் மொழியிற் பெயர்த்து 1883இல் வெளியிட்டார். ஹட்சின் கருத்து முழுவதையும் இன்று எவரும் ஏற்பதில்லை. சாக்கடல் அருகே 1947 தொடக்கம் கிடைத்த சுருள்களும், அவற்றோடு உறவுடைய தமஸ்கு ஆவணமும், 'மெபக்கேர்' என்னும் மேற்பார்வையாளர் ஒருவர் யூதக் குழுவொன்றில் இருந்ததைக் காட்டுகின்றன. மந்தையைக் காக்கும் மேய்ப்பனுக்கு அவர் ஒப்பிடப்படுகின்றார். குழுவின் உடைமைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. ஆகவே கிரேக்கச் சங்கங்கள் மட்டுமே மாதிரி எனக் கூறுதல் இயலாது. எனினும் நிதிக்கும் பதவிக்கும் இடையேயான தொடர்பை ஹட்ச் சரியாகவே கண்டார் என்பதை இப்புதிய சான்றும் உறுதிப்படுத்துகின்றது.

2ஆம் நூற்றாண்டின் நடுவிலே யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டின் இறுதியிலே சேர்க்கப்படும் காணிக்கை தலைமை தாங்குபவரிடம் வைக்கப்படுவதையும், அவர் அதனைக்கொண்டு அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோரைப் பராமரிப்பதையும் விபரிக்கின்றார். 251 அளவிலே உரோமைச் சபையின் எப்பிஸ்கொப்பொஸாக இருந்த கொர்னேலியு எழுதிய கடிதமொன்று அச்சபையின் கணக்கையே தருகின்றது. மூப்பர் 46, பணியாளர் 7, துணைப்பணியாளர் 7, இவர்களுக்கு உதவுவோர் 42, பேயோட்டுவோர், வாசிப்போர், வாயில் காப்போர் 52, சபையால் பேணப்பட்ட விதவைகளும் வறியோரும் 1500க்கு மேல். இத்துணைப் பேரின் பிழைப்பு ஒருவரது கைவழியே சென்றபோது, அக்கையின் அதிகாரம் வளர்ந்தமை வியப்பன்று. வறியோரின் பொருட்டுத் திரண்ட நிதியே அவர்களை மேற்பார்ப்பவரின் அதிகாரத்துக்கும் அடித்தளமாயிற்று. இம்முரண்பாட்டைக் கருத்திற் கொள்ளாது திருச்சபை வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

7. அரசின் நிழலில்

4ஆம் நூற்றாண்டிலே பேரரசு கிறித்தவத்தைத் தழுவியபோது இச்சொல் மீண்டும் அரசியலுக்குத் திரும்பியது. 318 அளவில் கொன்ஸ்தந்தீன் மன்னன் வழக்குகளைத் தீர்க்கும் உரிமையை எப்பிஸ்கொப்பொஸ்களுக்கு வழங்கினான். 325இல் கூடிய நிக்கேயா பொதுச்சங்கத்தின் நான்காம் விதி, புதிய எப்பிஸ்கொப்பொஸை ஒரு மாகாணத்தின் எப்பிஸ்கொப்பொஸ்களே கூடி நியமித்தல் வேண்டும் எனவும், மாகாணத் தலைநகரின் எப்பிஸ்கொப்பொஸ் அதனை உறுதிசெய்தல் வேண்டும் எனவும் வகுத்தது. உரோம நிருவாகப் பிரிவு அவ்வாறே சபைப் பிரிவாயிற்று. மன்னனும் பின்தங்கவில்லை. எப்பிஸ்கொப்பொஸ்களோடு விருந்துண்டபோது, அவர்கள் சபைக்கு உள்ளே இருப்போருக்கு எப்பிஸ்கொப்பொஸ்கள் என்றும், தானோ வெளியே இருப்போருக்கு இறைவன் அமர்த்திய எப்பிஸ்கொப்பொஸ் என்றும் அவன் கூறியதாக யுசேபியு எழுதுகின்றார். ஏதென்சின் பேரரசு அதிகாரிக்கு உரியதாயிருந்த பெயர் ஏழு நூற்றாண்டுகளின் பின் மற்றொரு பேரரசின் தலைவனாலேயே உரிமை கோரப்பட்டது.

சபையார் கை உயர்த்தித் தெரிவுசெய்த பழக்கம் உடனே அழிந்துவிடவில்லை. 374இல் மிலான் நகர மக்கள் திரண்டு குரலெழுப்பியே அம்புரோசை அப்பதவிக்குத் தெரிவுசெய்தனர். ஆயினும் காலப்போக்கில் மக்களின் தெரிவு வெறும் சடங்காகச் சுருங்கியது.

சொல்லின் பொருளைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அரசுக்கு உண்டு என்பதற்கு 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் சிறந்த உதாரணம். பிஷப் பதவி வீழ்ந்தால் அரச பதவியும் வீழும் என்று கருதிய முதலாம் ஜேம்ஸ் மன்னனின் ஆதரவிலே அது உருவானது. பழைய திருச்சபைச் சொற்களை மாற்றாது வைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பது பெயர்ப்பாளருக்கு இடப்பட்ட விதிகளுள் ஒன்று. அதன்படி பிலிப்பியரிலும் தீமோத்தேயுவிலும் தீத்துவிலும் 'பிஷப்' என்ற சொல்லே இடம்பெற்றது. மூப்பரும் எப்பிஸ்கொப்பொஸும் ஒருவரே என்பது வெளிப்படையாகத் தெரியும் திருத்தூதர் பணிகள் 20ஆம் அதிகாரத்திலோ, 'மேற்பார்வையாளர்' எனப் பொருள்படும் சாதாரணச் சொல் இடப்பட்டது. ஒரே கிரேக்கச் சொல் இரு சொற்களாகப் பிரிந்தமையால், ஆங்கிலத்தில் மட்டும் படித்தோருக்கு அவ்வொற்றுமை மறைந்துபோயிற்று.

8. தமிழிலே

தமிழ் வேதாகமத்தின் வரலாறு இவ்விடத்திலே வேறுபட்டு நிற்பது குறிப்பிடத்தக்கது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியப் பெயர்ப்பு, ஐந்து இடங்களிலும் 'கண்காணி' என்ற ஒரே சொல்லையே ஆண்டது. இச்சொற்றேர்வு வேரோடு வேர் பொருந்தியது. நோக்குதலையே இரு சொற்களும் அடிப்படையாகக் கொண்டுள்ளன. 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு மறைத்ததைத் தமிழ்ப் பெயர்ப்பு மறைக்கவில்லை.

கண்காணி என்னும் சொல் தமிழிலே எளிய வரலாறு உடையதன்று. சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிற் சொத்துகளையும் கொடைகளையும் மேற்பார்த்தோரின் செயலைக் 'கண்காணி' என்கின்றன; 'ஸ்ரீமாகேசுவரக் கண்காணி' போன்ற தொடர்களை அவற்றிற் காணலாம். திருமூலரோ, எங்கும் நிறைந்து மனிதரின் கரவைக் காணும் இறைவனையே கண்காணி என்றார். யோசியா காலத்து ஆலய மேற்பார்வையாளரையும், உள்ளத்தை நோக்கும் யோபுவின் இறைவனையும் எப்பிஸ்கொப்பொஸ் என்ற ஒரே சொல் தழுவியதை முன்னர்க் கண்டோம். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியிற் சென்றுள்ளன.

ஆயின் ஐக்கியப் பெயர்ப்பு அச்சேறிய காலத்திலே, இலங்கையின் மலைநாட்டில் அச்சொல்லுக்கு மூன்றாவது பொருளொன்று நிலைபெற்றிருந்தது. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவன் கங்காணி. முற்பணம் கொடுத்தவனும் அவனே. அக்கடனைக் கணக்கில் வைத்திருந்தவனும் அவனே. தன் ஆட்களுள் எத்தனை பேர் வேலைக்கு வந்தனரோ அதற்கேற்பத் தலைக்கு இவ்வளவு எனத் தோட்டத்திடம் பணம் பெற்றவனும் அவனே. கடன் தொகை குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் கருவியாயிற்று. அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெரிய கங்காணி துரையின் கண்ணாக நின்றான். ஆனால் தொழிலாளரோடு மொழியாலும் பெரும்பாலும் ஊராலும் உறவாலும் பிணைக்கப்பட்டவனாகவும் இருந்தான். அப்பிணைப்பே அவனது அதிகாரத்தைக் கடுமையாக்கியது.

தோட்டத் தமிழரிடையே கிறித்தவ மறைபணி 1854இலேயே தொடங்கியிருந்தது. கங்காணியின் கீழ் வேலைசெய்த ஒருவர், சபையின் கண்காணி அடிப்பவனாகவும் இழிவான ஆதாயத்தை விரும்புபவனாகவும் இருத்தலாகாது என்னும் தகைமைப் பட்டியலைத் தம் மொழியிலே கேட்கும்போது, அதன் கூர்மை அவருக்கு விளங்குவதுபோல வேறெவருக்கும் விளங்குதல் அரிது. அப்பட்டியல் எத்தகைய மனிதனை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்பதை விளக்க நீண்ட உரை தேவைப்படாது.

இருந்தும் பதவியைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகக் 'கண்காணி' நிலைக்கவில்லை. கத்தோலிக்கர் முன்னர் 'மேற்றிராணியார்' என்றனர். மாகாணத் தலைநகரின் எப்பிஸ்கொப்பொஸைக் குறித்த கிரேக்கச் சொல்லே சிரிய மொழி வழியாகவும் கேரள வழக்கு வழியாகவும் அவ்வடிவம் பெற்றது. அங்கிலிக்கர் 'அத்தியட்சர்' என்றனர். மேல் என்னும் பொருள் தரும் முன்னொட்டும் கண்ணைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்த அவ்வடசொல், கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலே அரச துறைகளின் மேற்பார்வையாளருக்கு வழங்கியது. இன்று பெருவழக்காயுள்ள 'ஆயர்' என்பது எப்பிஸ்கொப்பொஸின் பெயர்ப்பன்று. அதனோடு இணைந்து வந்த 'மேய்ப்பர்' என்ற உருவகத்தின் பெயர்ப்பாகும். முல்லை நிலத்து எளிய மக்களின் பெயரைத் தலைவருக்குச் சூட்டியமை நல்ல தெரிவே. ஆயினும் 'பேர்' என்ற அடைமொழி சேர்ந்து 'பேராயர்' ஆனவுடன், நீங்கியிருந்த படிநிலை மீண்டும் நுழைந்துவிட்டது. அப்பெயர் கத்தோலிக்கரிடையே ஒரு நிலையையும் தென்னிந்தியத் திருச்சபையாரிடையே வேறொரு நிலையையும் குறிப்பதும் நோக்கத்தக்கது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'கண்காணிப்பாளர்' என்றது. அலுவலக வழக்குக்கு இயைந்த அச்சொல்லிலே பழைய சொல்லின் கசப்பு இல்லை. அதனால் அதன் கூர்மையும் குறைந்துள்ளது.

யாழ்ப்பாணத்திலே இவ்வினா நடைமுறையிலும் எழுந்தது. 1816 தொடக்கம் இங்கு பணியாற்றிய அமெரிக்க மிசனின் சபைகள் பிஷப் என்னும் பதவியை அறியாத மரபைச் சேர்ந்தவை. 1947இல் அவை தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தபோது அப்பதவியை ஏற்றன. சபாபதி குலேந்திரன் முதலாவது பேராயரானார். ஆயினும் அத்திருச்சபையின் யாப்பு, அப்பதவியை யாப்புக்குட்பட்ட வடிவிலே ஏற்பதாகவே கூறியது. அதனருகே மூப்பர் அவைகளுக்கும் சபையாருக்கும் இடமளித்தது. பிலிப்பியரிலுள்ள பன்மையும் இக்னாசியுவின் ஒருமையும் ஓர் யாப்பிலே இணங்கிவாழ முயன்றமையாக இதனைக் கொள்ளலாம்.

9. முடிவுரை

எப்பிஸ்கொப்பொஸ் என்ற சொல்லிலே அதிகாரம் இயல்பாக உறைந்திருக்கவில்லை என்பதே நமது ஆய்வின் முடிபு. அது ஒரு பார்வையின் பெயர். அப்பார்வை ஏதென்சின் நலனுக்காயின் வேவு ஆயிற்று. அந்தியோக்கசின் ஆணைக்காயின் கொடுமை ஆயிற்று. நோயாளியை நாடிச் சென்றபோது பராமரிப்பு ஆயிற்று. மேற்பார்ப்பவரை நியமிப்போர் யார், அவர் கையிலுள்ள பொருள் யாருடையது, அவர் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் வினாக்களுக்குச் சமூகம் அளிக்கும் விடையே சொல்லின் பொருளைத் தீர்மானிக்கின்றது. இவ்வினாக்கள் திருச்சபைக்கு மாத்திரம் உரியனவல்ல. சங்கம், கட்சி, பல்கலைக்கழகம் என மக்களின் பெயரால் மேற்பார்வை நடைபெறும் இடமெல்லாம் அவை பொருந்தும்.

இந்நோக்கிலே, 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பாளர் தெரிந்த 'கண்காணி' என்னும் சொல்லே மூலத்துக்கு மிக நேர்மையானது என நாம் கருதுகின்றோம். பதவியின் ஒளியை அது போர்த்திக்கொள்வதில்லை. கேட்பவரை ஐயுறவும் வினவவும் தூண்டுகின்றது. மிலேத்து துறைமுகத்திலே எபேசு மூப்பரை எப்பிஸ்கொப்பொஸ்கள் என அழைத்த அவ்வசனம், மந்தையைக் குறித்துக் கவனமாயிருக்கச் சொல்லுமுன் தம்மைக் குறித்தே கவனமாயிருக்குமாறு அவர்களுக்குச் சொல்லுகின்றது. அவ்வுரையின் இறுதியிலே பவுல் தாம் எவருடைய பொன்னையும் வெள்ளியையும் உடையையும் விரும்பவில்லை என்றும், தம் கைகளே தம் தேவைக்கும் தம்மோடிருந்தோர் தேவைக்கும் உழைத்தன என்றும் கூறித் தம் கணக்கை அவர்கள்முன் வைக்கின்றார். கண்காணிப்பு என்பதற்குப் புதிய ஏற்பாடு தரும் மிகத் தெளிவான விளக்கவுரை அதுவே.